ஔலியின் பனிச்சரிவும் அதன் அடிவாரத்து ஊரும்

நேயர்களுக்கு வணக்கம். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்னும் திவ்யதேசம் இமயத்து ஜோஷிமட் என்றே மரபு கூறுகிறது. பத்ரிநாத் யாத்திரை சென்றவர்கள் அந்த ஊரைக் கடந்திருப்பீர்கள். அதற்கு மேலே, 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டருக்குச் சற்று மேல்வரை, ஔலியின் பனிச்சறுக்குச் சரிவுகள் உள்ளன.

இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏழு நாள் பயிற்சிக்குச் சென்றேன். முதல் நாளே சறுக்கலாம் என்று நினைத்திருந்த எங்களை, ஆசிரியர் சறுக்குப் பலகைகளோடு வரிசையாக நிறுத்தி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக மேலேறச் செய்தார். மண்சுவர் வைக்க மண்ணை மிதிப்பதுபோல், அன்று மாலைவரை பனியை மிதித்தோம். மிதித்து இறுக்கிய பனிதான் வெயிலில் சீக்கிரம் கரையாமல் நிற்கும் என்றார் அந்தக் கார்வாலி ஆசிரியர். மறுநாள் அந்தத் தடத்தில் பத்தடி தூரம் விழாமல் சறுக்கியபோது, எதிரே நந்தா தேவி வெயிலில் நின்றது. அந்தப் பத்தடியை நான் மறந்ததில்லை.

இன்று சில ஆண்டுகளில் மிதிப்பதற்கே பனி இல்லை. 2011ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கே செயற்கை ஏரியும் பனி தூவும் இயந்திரங்களும் அமைத்தார்கள். அவை நீரைத் துளிகளாகத் தூவும்; அத்துளிகளை உறைய வைக்க வேண்டியது குளிர்ந்த, உலர்ந்த காற்றுதான். மழைநாளில் உப்பளத்தில் உப்பு விளையாததுபோல், குளிர் குறைந்த நாளில் அந்த இயந்திரங்களால் பயனில்லை. 2023 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த தேசியப் போட்டிகள் பனியில்லாமல் கைவிடப்பட்டன.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் பிளந்தன. அங்கிருந்து ஔலிவரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் சென்ற ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. அந்த ஊர் பழைய மண்சரிவின் மேல் அமைந்தது என்றும், கனத்த கட்டுமானம் கூடாது என்றும், நீர் மண்ணுக்குள் இறங்காதபடி வடிகால் வேண்டும் என்றும் 1976இலேயே அரசு அமைத்த மிஸ்ரா ஆய்வுக் குழு எழுதிவைத்தது. புதிய ரோப்வே வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் அதன் கீழ் முனை நிற்க வேண்டியது அந்த மண்ணில்தான். ஆகவே முதல் செலவு ஊரின் வடிகாலுக்கு ஆகட்டும்; மீண்டும் சொல்கிறேன், முதலில் வடிகால், பிறகே ரோப்வே.

நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. குர்சோன் புல்வெளியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஔலிக்கு மேலே, மரங்கள் முடியும் இடத்தில் இருக்கிறது. கோடையில் நடந்தே ஏறலாம். பனியை எதிர்பார்க்காமல் வழிகாட்டிகளும் சிறு விடுதிக்காரர்களும் பிழைக்க அந்தப் பாதை உதவும். மே மாதத்தில் சென்று பாருங்கள். வணக்கம்.