மொக்கல்லானரை அடித்தது யார்?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் நூலகர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காவல் ஆய்வாளர் ஐயா அவர்களே, போன கூட்டத்துக்கு ஒலிபெருக்கியும் இந்தக் கூட்டத்துக்கு நாற்காலியும் காசு வாங்காமல் கொடுத்த பந்தல் கடை அண்ணன் அவர்களே, எனக்குப் பிறகு பேச இருப்பவரும் என்னைவிட நூறு மடங்கு படித்தவருமான ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா அவர்களே, நமது மூத்த குடிமக்கள் சங்கத்து நண்பர்களே, சுவரோரம் நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். தம்பிகளா, உள்ளே இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். பேச்சு கொஞ்சம் நீளம்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'மந்திரமும் மர்மமும்'. இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்கிற கதைகளில் ஒரு மந்திரவாதி வருகிறான். அவனுடைய குருவை யாரோ கொன்றுவிடுகிறார்கள். கொன்றவனைத் தேடி அவன் ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குள் நுழைந்து நுழைந்து போகிறான். இது ஏதோ நேற்று முளைத்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். புத்தரின் வாக்குகளைத் தொகுத்த தம்மபதத்துக்கு 1,500 ஆண்டுக்கு முன் எழுதிய உரையில் இதே மாதிரி ஒரு கொலை வழக்கு இருக்கிறது. செத்தவர் சாதாரண ஆள் இல்லை. புத்தரின் இரண்டு தலைமைச் சீடர்களில் ஒருவர், சித்துகளில் முதல்வர் என்று புத்தராலேயே சொல்லப்பட்டவர், மகா மொக்கல்லானர்.

மூன்று செய்தி சொல்லப் போகிறேன். ஒன்று, கொலையும் துப்பும். இரண்டு, ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உலகங்கள். மூன்று, தமிழில் மொக்கல்லானர். நேரம் இருந்தால் நாலாவதாக, பௌத்தத் தூபிகள் இருக்கும் சாஞ்சிக்கும் போகலாம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழமொழி ஓடுகிறது. என்னோடு பழகியவர்களுக்கு அது என்ன என்று தெரியும், அதனால்தான் இப்போதே சிரிக்கிறார்கள். 'தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்.' பட்டினத்தாருக்கு அவருடைய அக்கா விஷம் கலந்த அப்பம் கொடுக்க, அவர் அதைக் கூரையில் செருகிவிட்டு இந்த வார்த்தையைச் சொல்ல, வீடு பற்றி எரிந்தது என்பது கதை. சரி, ராஜகிருகத்துக்குப் போவோம்.

இன்றைய பீகாரில் ராஜ்கிர் என்கிறோமே, அந்த ஊர். சுற்றிலும் மலை. அங்கே காலசிலை என்ற இடத்தில் மொக்கல்லானர் தங்கியிருக்கிறார். அவர் மேலுலகத்துக்குப் போய், 'நீ என்ன புண்ணியம் செய்து இங்கே வந்தாய்' என்று தேவர்களைக் கேட்டு வருவார். கீழுலகத்துக்குப் போய் அங்கே வேகிறவர்களையும் கேட்டு வருவார். திரும்பி வந்து ஊராரிடம் விவரம் சொல்வார். ஊரெல்லாம் புத்தர் பக்கம் சாய்ந்ததற்கு இவர் கொண்டுவந்த சேதிகள்தான் காரணம் என்று எதிர்ச்சமயத்துத் துறவிகள் சிலர் கணக்குப் போட்டார்கள். 1,000 காசு திரட்டிக் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். இது பௌத்தர் எழுதிவைத்த கதை என்பதை மறக்கக் கூடாது. எதிரணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் விடுவார்களா? எதிரணியும் தன் பங்குக்கு எழுதியது, அதுதான் என் மூன்றாவது செய்தி.

கூலிப்படை வந்து குடிலை வளைத்தது. மொக்கல்லானர் சாவித்துவாரம் வழியாக வெளியே போய்விட்டார். இன்னொரு நாள் வளைத்தார்கள், கூரையைப் பிளந்துகொண்டு வானத்தில் போய்விட்டார். முதல் மாதம் அவரைப் பிடிக்க முடியவில்லை, இரண்டாம் மாதமும் முடியவில்லை. மூன்றாம் மாதம் வந்து வளைத்தபோது அவர் எழவே இல்லை. பழைய வினை ஒன்று தன்னை இழுக்கிறது என்று உணர்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே புகுந்தவர்கள் எலும்பெல்லாம் அரிசி அரிசியாய் நொறுங்கும்படி அடித்து, செத்தான் என்று நினைத்து ஒரு புதருக்குப் பின்னால் வீசிவிட்டுப் போனார்கள். அவர் தியான பலத்தால் உடம்பைக் கட்டி நிறுத்தி, ஆகாய வழியாகப் புத்தரிடம் போய் வணங்கி விடைபெற்று, திரும்பவும் காலசிலைக்கே வந்து உயிர் விட்டார். சாகும்போதும் பெரியவரிடம் சொல்லிக்கொண்டு போகிற மரியாதை.

இனி ஆய்வாளர் ஐயாவுக்குப் பிடித்த பகுதி. அஜாதசத்துரு அரசன் ஊரெங்கும் ஒற்றர்களை விடுகிறான். அவர்கள் மந்திரம் போட்டார்களா, மை போட்டுப் பார்த்தார்களா? இல்லை. கள்ளுக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். கூலிப்படையும் அங்கேதான் குடித்துக்கொண்டிருந்தது. போதையில் ஒருவன் இன்னொருவனை அடித்துக் கீழே தள்ளினான். 'ஏன்டா அடிச்சே?' 'மொக்கல்லானரை முதல்ல அடிச்சது நீயாடா?' 'நான்தான்டா!' 'இல்லை, நான்!' 'நான்!' ஆளாளுக்கு முந்திக்கொண்டார்கள். வாக்குமூலம் இதைவிடத் தெளிவாகக் கிடைக்குமா? கூண்டோடு பிடித்தார்கள், ஏவியவர்களும் அகப்பட்டார்கள். தண்டனையை நான் விவரிக்கவில்லை, முன்வரிசையில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வழக்கு முடிந்ததா? அரசனுக்கு முடிந்தது. மடத்தில் முடியவில்லை. பிட்சுக்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள்: சாவித்துவாரத்தில் நுழைந்து போகத் தெரிந்தவர் எப்படி அடிபட்டுச் செத்தார்? இப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு சாவா? குருவை இழந்த சீடர்கள் கேட்கிற கேள்வி இது. இதற்கு ஒற்றனால் பதில் சொல்ல முடியாது. துப்புத் துலக்க இன்னோர் உலகத்துக்குத்தான் போக வேண்டும்.

அதற்குமுன் அந்த உலகம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். நிலா வெளிச்சத்தில், புத்தரின் இன்னொரு தலைமைச் சீடரான சாரிபுத்தர் அப்போதுதான் மழித்த தலையோடு வெட்டவெளியில் தியானத்தில் இருக்கிறார். அந்த வழியாக இரண்டு யட்சர்கள் போகிறார்கள். ஒருவனுக்கு அந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் கை துறுதுறு என்கிறது. 'வேண்டாம்' என்று மற்றவன் தடுக்கிறான், கேட்கவில்லை. ஓங்கி ஒரு போடு. யானையைப் பூமிக்குள் இறக்கிவிடும் அடியாம் அது. தூரத்தில் இருந்த மொக்கல்லானர் பார்த்துவிட்டு ஓடி வருகிறார். 'ஐயா, நலமா, வலி ஏதும் உண்டா?' சாரிபுத்தர் சொல்கிறார், 'நலம்தான், லேசாகத் தலைவலிக்கிறது.' நடந்ததைக் கேட்டதும், 'உமக்கு யட்சனெல்லாம் தெரிகிறான், எனக்கு ஒரு குட்டிப் பேய்கூடத் தெரியவில்லையே' என்று அவர் வியக்கிறார். உதானம் என்ற பௌத்த நூலில் இது இருக்கிறது. அதே இடம், அதே நிலா, இரண்டு பேர். ஒருவருக்குத் தெரிகிற உலகம் இன்னொருவருக்கு வெறும் தலைவலி.

ராஜகிருகத்துக் கழுகுமலையில் (நம்ம ஊர்க் கழுகுமலை இல்லை) இறங்கி வரும்போது மொக்கல்லானர் சிரித்ததும் உண்டு. கூட வந்த லக்கணர் என்ற பிட்சு ஏன் என்று கேட்க, 'புத்தர் முன்னிலையில் கேளுங்கள்' என்றார். அங்கே போய்ச் சொன்னார்: ஓர் எலும்புக்கூடு வானத்தில் அலறிக்கொண்டு போகிறது, கழுகும் காக்கையும் விலா எலும்புக்கு நடுவில் கொத்துகின்றன. புத்தர் சொன்னார், 'நானும் முன்பே பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று சொல்லவில்லை.' அது யார் தெரியுமா? அதே ராஜகிருகத்தில் மாடு வெட்டியவன். ஆக, அந்த ஊரில் செய்த வினை அந்த ஊர் ஆகாயத்திலேயே பறக்கிறது. ஓட்டப்பம் வீட்டைச் சுடும்!

இப்போது புத்தர் சொன்ன பதில். முன்னொரு பிறவியில் மொக்கல்லானர் காசியில் ஒரு குடும்பத்துப் பிள்ளை. தாய் தகப்பன் இருவருக்கும் கண் தெரியாது. அவன்தான் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு கல்யாணம் ஆயிற்று. வந்தவளுக்குக் கிழவர்களோடு ஒத்துப்போகவில்லை, தினமும் புகார். கடைசியில் அவன் ஒரு வண்டி பூட்டினான். 'சொந்தக்காரர்கள் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்' என்று ஏற்றினான். நடுக்காட்டில், 'இங்கே திருடர் பயம், நான் இறங்கிப் பார்க்கிறேன்' என்று கயிற்றை அப்பன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். இறங்கித் திருடன் குரலில் கத்திக்கொண்டு வந்து அடித்தான். கண் தெரியாத அந்த இரண்டு பேரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'அப்பா, நாங்கள் வயசானவர்கள், எங்களை விடு. நீ தப்பித்து ஓடு!' அடிக்கிறவன் யார் என்று தெரியாமல் அவனுடைய உயிருக்காகவே அலறினார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அடித்துக் கொன்றான்.

இதுதான் துப்பு. காலசிலையில் விழுந்த அடி காசியில் ஓங்கிய அடி.

நம்ம மணிமேகலையிலும் இதே கணக்குத்தான். காயசண்டிகை வடிவத்தில் மணிமேகலை இருக்க, அவள் பின்னால் வந்த சோழ இளவரசன் உதயகுமரனை, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் என்ற வித்தியாதரன் வாளால் வெட்டுகிறான். அழுகிறவளிடம் தூணில் இருக்கும் கந்திற்பாவை காரணம் சொல்கிறது: போன பிறவியில் இராகுலனாக இருந்தபோது, கால் இடறி விழுந்த சமையற்காரனை இந்த உதயகுமரன் வாளால் வெட்டினான். உ.வே.சா. 1898-இல் பதிப்பித்த புத்தகம் இந்த நூலகத்திலேயே மறுபதிப்பாக இருக்கிறது. எடுத்துப் படியுங்கள்.

நான் ஏன் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சங்கத்து நண்பர்களுக்குத் தெரியும். அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது ஐயா!

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். சொந்தமாக ஒரு சின்ன வீடு. மகன் வந்து, 'அப்பா, தொழிலுக்கு லோன் எடுக்கணும், வீடு என் பேரில் இருந்தால்தான் கிடைக்கும்' என்றான். இவர் மறுபேச்சு இல்லாமல் செட்டில்மெண்ட் எழுதக் கிளம்பிவிட்டார். பத்திரம் எழுதுகிறவர் நல்ல மனுஷன். 'ஐயா, கடைசி வரைக்கும் உங்களையும் அம்மாவையும் பராமரிக்கணும்னு ஒரு ஷரத்துப் போட்டுவிடட்டுமா?' என்று கேட்டிருக்கிறார். நம்ம ஆளுக்கு வந்ததே கோபம். 'என் பிள்ளையை என்னன்னு நினைச்சே? அவனை நம்பாமல் எழுதினால் அது பத்திரமா, கேஸ் கட்டா?' பக்கத்தில் மகன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். பதிவு முடிந்தது. மத்தியானம் மகன் செலவில் பிரியாணி. அம்மாவுக்கு மட்டும் தயிர்சாதம், அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அப்புறம் கட்டில் நகர ஆரம்பித்தது. கூடத்தில் கிடந்த கட்டில் முதலில் பின்னறைக்குப் போனது, 'ஃபேன் காத்து அங்கேதான் நல்லா வரும்பா.' பின்னறை பேரனுக்குப் படிக்க வேண்டும் என்று மாடிப்படிக்குக் கீழே வந்தது. படிக்குக் கீழே வாஷிங் மெஷின் வந்ததும், கட்டில் ஸ்கூட்டர் நிறுத்துகிற சாய்ப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 'டிப்போவில் பழைய பஸ்ஸைக்கூட இப்படித்தான் சார் தள்ளித் தள்ளி ஓரங்கட்டுவோம், ஆனால் அதுக்கு மேலே கூரை உண்டு' என்று அவரே சொல்லிச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

சங்கத்தில் பேசி, கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். விசாரணை அன்று மகன் எல்லார் முன்னிலையிலும் அழாத குறையாகக் கேட்டான்: 'பெத்த பிள்ளை மேலேயே புகார் கொடுக்க உனக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?' கிழவர் நிமிர்ந்து, பழைய கண்டக்டர் குரலில், 'டிக்கெட் எடுக்காமல் ஏறினது நீ. செக்கிங் வந்தா என்னை ஏன்டா முறைக்கிறே?' என்றார். அலுவலகமே சிரித்துவிட்டது. (கைதட்டல்.) மாதா மாதம் பணம் கொடுக்க உத்தரவாயிற்று. ஆனால் வீடு வரவில்லை. ஏன்? ஷரத்து இல்லை.

2007-ஆம் ஆண்டு வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், ஏமாற்றி வாங்கியதாகக் கருதி அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். அந்த மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களை எங்கேயாவது கொண்டுபோய்க் கைவிட்டு வந்தால், 24-ஆம் பிரிவுப்படி 3 மாதம் வரை சிறை. அந்தக் காசிப் பிள்ளை வண்டி பூட்டியபோது இந்தச் சட்டம் இல்லை, இன்று இருக்கிறது. பிள்ளைகளைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் என்ன நஷ்டம்? கெட்ட பிள்ளைக்கு அது கடிவாளம். வினை சுடட்டும் என்று அடுத்த பிறவி வரைக்கும் நம்மால் காத்திருக்க முடியாது. தன்வினை தன்னைச் சுடும் என்பது வாஸ்தவம், ஆனால் அது சுடுகிற வரைக்கும் அந்த அம்மா ஸ்கூட்டர் சாய்ப்பில்தானே படுத்திருக்க வேண்டும்?

பேரூராட்சித் தலைவர் அம்மா இங்கே இருப்பதால் ஒரு கோரிக்கை. அலுவலக வாசலில் ஒரு பலகை, அதில் இந்தப் பிரிவும், முதியோர் உதவி எண் 14567-ம் பெரிய எழுத்தில். பெயிண்ட் செலவு சங்கத்துடையது. அம்மா தலையசைத்துவிட்டார்கள், ஆய்வாளர் ஐயா சாட்சி.

நூலகர் ஐயா மணியைத் தொடுகிறார். மூன்றாவது செய்தி பாக்கி நிற்கிறது. சமண நூலான நீலகேசியில் மொக்கல வாதச் சருக்கம் என்று ஒன்று உண்டு. அங்கே நம் மொக்கலன் கதைநாயகி நீலகேசியிடம் வாதத்தில் தோற்றுப் போகிறார், சாவித்துவாரம் ஒன்றும் உதவவில்லை. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் உரையோடு பதிப்பித்தார். மற்றதைத் தமிழாசிரியை அம்மா சொல்லுவார்கள், என்னைவிட நன்றாகவே சொல்லுவார்கள். சாஞ்சியில் 1851-இல் தொல்லியல் அறிஞர் கன்னிங்ஹாம் மூன்றாம் தூபியைத் திறந்தபோது சாரிபுத்தர், மொக்கல்லானர் பெயர் வெட்டிய இரண்டு கற்பெட்டிகள் கிடைத்ததும், எலும்புகள் லண்டன் வரைக்கும் போய், திரும்பி வந்து, 1952-இல் சாஞ்சியிலேயே வைக்கப்பட்டதும் இன்னொரு கூட்டத்துக்கு.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இதே மண்டபத்தில் பத்திரம் எழுதுகிற நண்பர் ஒருவர் உட்காருகிறார், கட்டணம் இல்லை. எழுதப் போகிறவர்கள் மூலப்பத்திரத்தின் நகல், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் வாருங்கள், என்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம். பிள்ளைகளையும் கூட்டி வரலாம், டீ உண்டு. நன்றி, வணக்கம்.