போராட்டக் கூட்டத்தில் தொற்று பரவவில்லையா? – நேயர் கேள்விக்குப் பதில்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘2020-ல் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டுக்கு நீதி கேட்டு அமெரிக்காவில் பெருங்கூட்டம் தெருவில் இறங்கியது. கொரோனா காலத்தில் அப்படிக் கூடியதால் தொற்று பரவவில்லையா? முகக்கவசம் மட்டும் போதுமா?’

பரவியதா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 300-க்கும் மேற்பட்ட நகரங்களின் புள்ளிவிவரங்களைப் பொருளியல் ஆய்வாளர்கள் அலசினார்கள். போராட்டம் தொடங்கிய அடுத்த மூன்று வாரங்களில் தொற்று எகிறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கூட்டத்துக்குப் போனவர்களில் யாருக்கும் தொற்று வரவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தெருவில் கலவரம் என்று அஞ்சி மற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அதனால் ஊரின் மொத்தக் கணக்கில் கூட்டத்தில் பரவியது ஈடுகட்டப்பட்டது என்பதுதான் அவர்களுடைய விளக்கம். திறந்த வெளியில் கூடியதும் பலர் முகக்கவசம் அணிந்திருந்ததும் உதவியிருக்கும்.

முகக்கவசம் போதுமா என்றால், போதாது. முழக்கம் எழுப்பும்போதுதான் வாயிலிருந்து நீர்த்திவலைகள் அதிகம் தெறிக்கின்றன. நம்மில் பலர் அந்த நேரம் பார்த்துத்தான் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்குகிறோம்! அதனால்தான் கத்துவதற்குப் பதிலாகப் பதாகை பிடியுங்கள், பறை கொட்டுங்கள் என்கிற மாதிரியான யோசனைகள் அப்போது சொல்லப்பட்டன. கிருமிநாசினியில் 60 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

யாரும் அதிகம் பேசாதது கண்ணீர்ப்புகை. அது பட்டதும் இருமல் வரும், கண்ணும் மூக்கும் ஒழுகும், கை தானாக முகத்துக்குப் போகும். தொற்று உள்ள ஒருவர் அப்படி இருமினால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? புகை ஏறிய முகக்கவசத்தை மீண்டும் அணியவும் முடியாது. ஆகவே மாற்று முகக்கவசம் ஒன்றைக் காற்றுப் புகாத பையில் வைத்துக்கொள்வது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போதும். கண்ணைக் கழுவச் சுத்தமான தண்ணீரே சரி. பாலை ஊற்றுகிறார்கள், அதில் கிருமி இருக்கலாம்.

அடுத்தது கைது. கைகளைப் பின்னால் கட்டிவிட்டால், நழுவிய முகக்கவசத்தை ஏற்றிவிடக்கூட வழியில்லை. அப்படியே வண்டியில் அடைத்து, பிறகு லாக்கப்பில் மணிக்கணக்கில் நெருக்கியடித்து உட்கார வைத்தால், தெருவில் கடைப்பிடித்த இடைவெளியெல்லாம் வீண். பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த 1,000-க்கும் மேற்பட்டோர் அப்போது போராட்டத்தை ஆதரித்து ஒரு திறந்த மடலில் கையெழுத்திட்டு, கண்ணீர்ப்புகையும் இப்படி அடைத்துவைப்பதும் கூடாது என்றார்கள். மற்றக் கூட்டங்கள் வேண்டாம் என்றவர்கள் இந்தப் போராட்டத்தை மட்டும் ஆதரிக்கலாமா என்று அவர்கள்மேல் விமர்சனம் எழுந்தது. அதிலும் நியாயம் இருக்கிறது. நோக்கம் பார்த்துக் கிருமி ஒதுங்கிப் போகாது. ஆனால் புகையும் சிறையும் பற்றி அவர்கள் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன்.

வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது? மின்னசோட்டா மாநிலத்தில் போராட்டத்துக்குப் போனவர்களுக்காகவே இலவசப் பரிசோதனை நடத்தினார்கள். மறுநாளே ஓடிப்போய்ப் பரிசோதித்து, இல்லை என்று வந்ததும் பாட்டியைப் பார்க்கக் கிளம்பிவிடக் கூடாது. 2020-ல் பரவிய வகையில் அறிகுறி தெரியவே சராசரியாக ஐந்து நாள் ஆனது, சிலருக்கு 14 நாள் வரை. வீட்டில் முதியவர் இருந்தால், அதுவரை தனி அறையில் இருங்கள். அறை இல்லையா? வீட்டுக்குள்ளும் முகக்கவசத்தோடு இருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.