ஆஸ்ட்ரோடோமின் வாசலைத் திறந்த வாக்குகள்

(ஹூஸ்டன் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

பேர்லாந்து மீனாட்சி கோயிலில் கும்பிட்டுவிட்டு 288 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, 610 லூப் சாலையில் மேற்கே திரும்பினால் வலது பக்கம் இரண்டு பெரிய விளையாட்டு அரங்கங்கள் தெரியும். ஒன்று டெக்சன்ஸ் ஆடும் என்ஆர்ஜி ஸ்டேடியம். அதன் நிழலில் ஒதுங்கி நிற்கிற வட்டக் கட்டடம் ஆஸ்ட்ரோடோம். 2009இலிருந்து பூட்டிக் கிடக்கிறது. "இதை ஏன் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்?" என்று உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்தக் கட்டடம் எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்ட்டியின், அதாவது மாவட்டத்தின், சொத்து அது. இந்த கவுண்ட்டியில் வீடு வாங்கி வரி கட்டுகிற ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச வந்தேன்.

இந்த நகரத்தின் அரசியலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் நகரசபை மண்டபத்துக்குப் போவதற்கு முன்பே இந்த அரங்கத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. யார் பணத்தில் கட்டினார்கள், யாரை உள்ளே விட்டார்கள், யார் மிரட்டினார்கள், யார் வெளியேறினார்கள் என்று எல்லாக் கதையும் அங்கே இருக்கிறது. அந்தக் கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தேர்தல் இருக்கிறது.

முதலில் 1960க்குப் போவோம். அப்போது ஹூஸ்டனில் கறுப்பின மக்கள் கடையில் துணி வாங்கலாம், சாமான் வாங்கலாம். அதே கடையின் உணவு மேசையில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. அந்த ஆண்டு மார்ச் 4ஆம் தேதி டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அல்மேடா சாலையில் இருந்த வைன்கார்ட்டன்ஸ் கடைக்குள் போய், அந்த மேசையில் அமைதியாக உட்கார்ந்தார்கள். கடைக்காரர்கள் பரிமாறவில்லை. மாணவர்களும் எழுந்திருக்கவில்லை. அந்தப் போராட்டம் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் பரவியது. ஆகஸ்ட் மாதம் நகரின் பெரிய கடைகள் உணவு மேசைகளைத் திறந்துவிட்டன. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் பேசிவைத்துக்கொண்டு அந்தச் செய்தியைச் சில நாள் வெளியிடாமல் இருந்தன. செய்தி பரவினால் கலவரம் வரும் என்ற பயம்.

இதே சமயத்தில் நகரத்தின் பெரிய மனிதர்களுக்கு வேறொரு கனவு. ஹூஸ்டனுக்கு மேஜர் லீக் பேஸ்பால் வர வேண்டும். 1960 அக்டோபரில் நேஷனல் லீக் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் இந்த ஊர் வெயிலிலும் கொசுவிலும் யார் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள்? கூரை போட்ட, குளிர்பதனம் செய்த அரங்கம் வேண்டும் என்றார் ராய் ஹோஃபைன்ஸ். முன்னாள் மேயர், அதற்கும் முன்னால் கவுண்ட்டி ஜட்ஜ். கவுண்ட்டி ஜட்ஜ் என்றால் வழக்கு விசாரிப்பதை விட கவுண்ட்டி நிர்வாகத்துக்குத் தலைமை தாங்குவதே முக்கிய வேலை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்படி ஓர் அரங்கம் உலகத்தில் அதுவரை இல்லை. கட்டுவதற்கு கவுண்ட்டி கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அதற்கு மக்கள் வாக்கு வேண்டும்.

இங்கேதான் நான் உங்களை நிறுத்திக் காட்ட விரும்பும் மனிதர் வருகிறார். க்வென்டின் மீஸ். கறுப்பின மக்கள் வசித்த பகுதியில் ஒய்எம்சிஏ ஒன்றின் இயக்குநர். மேடையில் முழங்குகிறவர் அல்லர், உட்கார்ந்து பேசி முடிப்பவர். 1961 ஜனவரியில் 2 கோடியே 20 லட்சம் டாலர் கடன் பத்திரம் வாக்கெடுப்புக்கு வந்தது. கறுப்பின மக்களின் வாக்கு இல்லாமல் அது நிறைவேறுவது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். மீஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இந்த அரங்கம் கட்டி முடித்துக் கதவு திறக்கும் முதல் நாளிலிருந்து எல்லா இனத்தவருக்கும் ஒரே வாசல், ஒரே இருக்கை வரிசை இருக்க வேண்டும். ஹோஃபைன்ஸ் தரப்பு ஒப்புக்கொண்டது. கறுப்பினத் தலைவர்கள் ஆதரவு கொடுத்தார்கள். கடன் பத்திரம் நிறைவேறியது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்ற சிவில் உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டது 1964 ஜூலையில். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னாலேயே, அஸ்திவாரக் குழி கூடத் தோண்டாத ஒரு கட்டடத்தின் வாசலை ஒரு சமூகம் தன் வாக்கை வைத்துத் திறந்திருக்கிறது. அவர்களிடம் பணம் இல்லை, பத்திரிகை இல்லை, பதவி இல்லை. வாக்குதான் இருந்தது. அதை எந்த நேரத்தில், எதற்காகக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்து கொடுத்தார்கள். வெளியூர் அணிகளில் கறுப்பின ஆட்டக்காரர்கள் வருவார்களே, அவர்களை எங்கே தங்கவைப்பது? அந்தக் கேள்வி எழுந்ததும் 1962இல் பெரிய ஹோட்டல்களும் சத்தமில்லாமல் கதவைத் திறந்தன. மீஸ் நூறு வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார். அதே ஆண்டில்தான் ஆஸ்ட்ரோடோமும் பூட்டப்பட்டது.

1965 ஏப்ரல் 9ஆம் தேதி முதல் ஆட்டம். எதிரணி நியூயார்க் யாங்கீஸ். ஜனாதிபதி ஜான்சனே வந்திருந்தார். உலகின் எட்டாவது அதிசயம் என்று பெயர் வைத்தார்கள். புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரையில் ஆயிரக்கணக்கான கண்ணாடி போன்ற பலகைகளைப் பதித்திருந்தார்கள். பகல் ஆட்டத்தில் பந்தைப் பிடிக்க அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கண் கூசியது. சரி என்று பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்துப்போனது. பிறகு 1966இல் செயற்கைப் புல் விரித்தார்கள். உலகம் முழுக்க இன்று ஆஸ்ட்ரோடர்ஃப் என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்த வாசலிலிருந்து போனதுதான்.

மீஸ் கேட்டு வாங்கிய வாசல் வழியாக யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். எல்வின் ஹேய்ஸ், லூசியானாவின் ரேவில் என்ற சிற்றூர்ப் பையன். ஹூஸ்டன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட கறுப்பின வீரர்கள் இரண்டு பேர், ஒருவர் டான் சேனி, இன்னொருவர் இவர். 1968 ஜனவரி 20ஆம் தேதி இரவு, 47 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத, லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி இங்கே வந்தது. பேஸ்பால் மைதானத்தின் நடுவில் கூடைப்பந்துத் தளம். பார்வையாளர்கள் 52,693 பேர். 71க்கு 69 என்று ஹூஸ்டன் ஜெயித்தது. ஹேய்ஸ் மட்டும் 39 புள்ளிகள். கடைசி நிமிடத்தில் ஆட்டம் 69க்கு 69 என்று நின்றபோது இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டவர் அவரே. கல்லூரிக் கூடைப்பந்தை நாடு முழுவதும் மாலை நேரத்தில் டிவியில் பார்க்கலாம் என்று அமெரிக்காவுக்குக் காட்டியது அந்த ஆட்டம். 1973இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங், முன்னாள் ஆண்கள் சாம்பியன் பாபி ரிக்ஸை மூன்று செட்டிலும் தோற்கடித்ததும் இதே கூரையின் கீழ்தான். நம் பெண் பிள்ளைகள் இன்று டென்னிஸ் மட்டையோடு போகிறபோது எனக்கு அந்த இரவு ஞாபகம் வரும்.

1976 ஜூன் 15ஆம் தேதி நடந்ததையும் சொல்ல ஆசை. ஊரெல்லாம் பேய்மழை, சாலையெல்லாம் வெள்ளம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு அணிகளும் வந்துவிட்டன. நடுவர்களால் வர முடியவில்லை. கூரை போட்ட அரங்கத்தில் மழையால் ஆட்டம் ரத்து! மைதானத்தின் நடுவே மேசைகளைப் போட்டு, நம் ஊர் பேஸ்பால் அணியான ஆஸ்ட்ரோஸும் எதிரணி பிட்ஸ்பர்க் பைரேட்ஸும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 2017இல் ஹார்வி புயல் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாம். கூரை எத்தனை கோடிக்குப் போட்டாலும் வெளியே வடிகால் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று அன்றைக்கே இந்த ஊர் பார்த்திருக்கிறது.

இனி கசப்பான பகுதி. 1987இல் ஹூஸ்டனின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஆயிலர்ஸின் முதலாளி பட் ஆடம்ஸ், இருக்கைகள் போதாது, அணியை ஜாக்சன்வில்லுக்குக் கொண்டு போய்விடுவேன் என்றார். கவுண்ட்டி பயந்தது. 6 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் பத்தாயிரம் இருக்கைகளைக் கூடுதலாகப் போட்டார்கள். அதற்கு இடம் வேண்டுமே. ஹோம் ரன் அடித்தால் வாணவேடிக்கை காட்டும் அந்தப் பிரமாண்டமான ஸ்கோர்போர்டை, பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே வருவார்களாம், கழற்றி எறிந்தார்கள். பத்து ஆண்டு கூட ஆகவில்லை. ஆடம்ஸ் புதிய அரங்கம் கேட்டார். மேயர் பாப் லேனியர் பொதுப்பணம் தர மாட்டேன் என்றார். 1996 பருவம் முடிந்ததும் ஆயிலர்ஸ் டென்னசிக்குப் போய்விட்டது. கடனும் வட்டியும் இங்கேயே நின்றன. அணிக்கு வேறு ஊர் கிடைக்கும், வரி கட்டுகிறவனுக்கு எங்கே போக்கிடம்? எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

அதே 1996 நவம்பரில் ஆஸ்ட்ரோஸுக்கு டவுன்டவுனில் புதிய மைதானம் கட்டலாமா என்ற கேள்வி வாக்குக்கு வந்தது. மிகக் குறைந்த வித்தியாசத்தில் நிறைவேறியது. இந்த முறை சொத்து வரியில் கைவைக்காமல், ஹோட்டல் அறைக்கும் வாடகைக் காருக்கும் வரி போட்டார்கள். ஊரிலிருந்து உறவினர் வந்து வாடகைக் கார் எடுத்தால் பில்லைப் பாருங்கள், அரங்கக் கடனுக்கான வரியைத் தனியாகப் போட்டிருப்பார்கள். 1999 பருவத்தோடு ஆஸ்ட்ரோஸும் கிளம்பியது.

காலியான அந்தக் கட்டடம் 2005இல் ஒரு முறை தன் முழு வேலையைச் செய்தது. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது பேருந்து பேருந்தாக மக்களை இங்கே கொண்டுவந்தார்கள். ஆட்டம் நடந்த தளம் முழுக்க மடக்குக் கட்டில்கள். மேயர் பில் வைட், கவுண்ட்டி ஜட்ஜ் ராபர்ட் எக்கல்ஸ், ஒருவர் டெமாக்ரட், மற்றவர் ரிபப்ளிகன். இருவரும் சேர்ந்து நின்றார்கள். பல்லாயிரம் பேருக்குச் சோறு, மருந்து, படுக்கை கொடுத்தது இந்த ஊர். பலர் இங்கேயே தங்கி ஹூஸ்டன்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

2013 நவம்பரில் ஆஸ்ட்ரோடோமைப் புதுப்பிக்க 21 கோடியே 70 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்களிடம் அனுமதி கேட்டார்கள். சுமார் 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2018இல் கமிஷனர்ஸ் கோர்ட், அதாவது கவுண்ட்டியின் நிர்வாகக் குழு, பத்தரைக் கோடி டாலரில் வேறொரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதை முன்னெடுத்த ஜட்ஜ் எட் எம்மெட் அதே ஆண்டு நவம்பரில் 27 வயது லீனா ஹிடால்கோவிடம் தோற்றார். சுமார் பன்னிரண்டு லட்சம் வாக்குகளில் வித்தியாசம் இருபதாயிரத்துக்கும் குறைவு. திட்டம் அப்படியே நின்றது. இடிப்பதும் எளிதில்லை, 2017இலிருந்து அது மாநிலத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னம். என்னைக் கேட்டால் காப்பாற்ற வேண்டும் என்பேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். சொல்வதை வாக்குச் சாவடியில் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நம் வீடுகளில் ஜனாதிபதி தேர்தலைப் பற்றி விடிய விடியப் பேசுகிறோம். சென்னைத் தேர்தல் முடிவைத் தொகுதிவாரியாகச் சொல்கிறோம். ஆனால் உங்கள் கவுண்ட்டி கமிஷனர் யார்? மே மாதம் வந்தால், வரிக்காக வீட்டின் விலையை மதிப்பிடுகிற ஹெச்கேட் அமைப்பின் மதிப்பீட்டை எதிர்த்து புரொட்டெஸ்ட் போடாத வீடு இங்கே உண்டா? அந்த ஹெச்கேட் நிர்வாகக் குழுவில் மூன்று இடங்களுக்கு 2024 மே மாதம் முதல் முறையாகத் தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்கள் மிகச் சிலர். அந்த மாதிரித் தேர்தலில் ஐம்பது குடும்பம் சேர்ந்து போனால் அதற்கு இருக்கிற எடை, நவம்பரில் ஐயாயிரம் பேருக்கு இருக்காது. 2018 ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஹார்வி வந்து சரியாக ஒரு வருடம் கழித்து, வெள்ளத் தடுப்புக்கு 250 கோடி டாலர் கடன் பத்திரத்தை இந்த கவுண்ட்டி மக்கள் பெரும்பான்மையாக நிறைவேற்றினார்கள். உங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற பாயூவை, அதாவது ஓடையை, அகலப்படுத்துகிற பணத்தில் அதுவும் உண்டு.

ஹாரிஸ் கவுண்ட்டியின் வாக்குச் சீட்டு நீளமானது, ஒத்துக்கொள்கிறேன். நீதிபதிகள் பெயரே பக்கம் பக்கமாக வரும். 2020இலிருந்து ஒரே பொத்தானில் கட்சிக்குப் போட்டுவிட்டு வர முடியாது, ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் வீட்டிலேயே மாதிரிச் சீட்டைப் பார்த்து, பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனை எடுக்க விடமாட்டார்கள், தாளுக்குத் தடையில்லை. திரையில் தேர்ந்தெடுத்து முடித்ததும் அச்சாகி வருகிற தாளை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் போடுங்கள். போட்டால்தான் வாக்கு சேரும்.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் கமிஷனர்ஸ் கோர்ட்டில் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டுப் போய்ப் பேசலாம். நகரசபையிலும் பொதுமக்கள் பேச நேரம் உண்டு. உங்கள் தெருவின் வடிகாலைப் பற்றி உங்களைவிட நன்றாக யார் பேச முடியும்?

வாக்களிக்கும் உரிமை உள்ளவர்கள் தேர்தலுக்கு 30 நாள் முன்னால் பதிவு செய்திருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் புதிய முகவரியைக் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். பதிவுப் படிவங்கள் மண்டபத்தின் பின்பக்க மேசையில் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு முன்னால் நிரப்பிவிடுங்கள், நானும் அங்கேதான் இருப்பேன். நன்றி, வணக்கம்.