கிட்டார் குறைந்தால் பாட்டு குறைந்துவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் இளைஞர்களிடம் ராக் இசையைப் பற்றிப் பேச்செடுத்தால் சற்று நேரத்திலேயே லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழுவின் பெயர் வந்துவிடும். கூடவே சண்டையும் வந்துவிடும். திருவிழாக் கானமேளைகளில் கிட்டார் வாசிப்பவர்களும், அவியல் குழுவின் மலையாள ராக் பாடல்களை மனப்பாடமாகப் பாடுகிறவர்களும் இதில் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். 2017 மே மாதம் வெளியான ‘ஒன் மோர் லைட்’ ஆல்பத்தோடு அந்தக் குழு பாப் இசைக்கு விலைபோய்விட்டது என்பது ஒரு கட்சியின் வாதம். கலைஞர்கள் மாறக்கூடாதா என்பது மறு கட்சியின் வாதம். “கிட்டாரே கேக்கலையேப்பா, இதுக்குப் பேரு ராக்கா?” என்று ஒருவர் கேட்க, “நீ கிட்டாரக் கேக்குறியா, பாட்டக் கேக்குறியா?” என்று மற்றவர் மடக்கியதை நானே கேட்டிருக்கிறேன். அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதைக் கேட்டவரும் எந்தப் பாட்டு என்று சொல்லாமலே வாதத்தை முடித்துக்கொண்டார்.

2000இல் வந்த முதல் ஆல்பமான ‘ஹைப்ரிட் தியரி’யின் கனத்த கிட்டார், மைக் ஷினோடாவின் ராப், பாடகர் செஸ்டர் பென்னிங்டனின் அலறல் ஆகிய மூன்றையும்தான் ரசிகர்கள் அந்தக் குழுவின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2007இல் ‘மினிட்ஸ் டு மிட்நைட்’ ஆல்பத்திலேயே ராப் வெகுவாகக் குறைந்துவிட்டது; 2010இல் ‘எ தௌசண்ட் சன்ஸ்’ வந்தபோது மின்னணு ஒலிகள் முன்னே வர, கிட்டார் பின்னுக்குப் போனது. ஆகவே, ஒரே நாளில் தடம் புரண்டுவிட்டார்கள் என்று பேசுவது நியாயமில்லை. 2017இல் உண்மையாகவே மாறியது வேலை செய்த முறை. முன்பெல்லாம் பெரும்பாலும் இசையை அமைத்துவிட்டுப் பிறகு சொற்களைத் தேடியவர்கள், இம்முறை சொல்லையும் மெட்டையும் முதலில் வைத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பாடலாசிரியர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘ஹெவி’ பாடலை ஜூலியா மைக்கேல்ஸ், ஜஸ்டின் டிரான்டர் ஆகியோர் உடனிருந்து எழுதினார்கள். கியாரா சேர்ந்து பாடினார்.

அந்த ‘ஹெவி’யைப் பொறுத்தவரை நான் குறை சொல்பவர்கள் பக்கம்தான். மனம் தாங்காத பாரத்தைப் பேசும் சொற்களுக்கு, எங்கும் உரசாமல் வழவழவென்று ஓடும் ஒலி பொருந்தவே இல்லை. ஆனால் ஆல்பத்தின் தலைப்புப் பாடல் வேறு ரகம். தங்களுக்கு நெருக்கமான ஒருவரின் இறப்பையொட்டிப் பிறந்த பாட்டு அது. மெல்லிய கிட்டார் மீட்டலும் பின்னணியில் படரும் ஒலியும் தவிர வேறு ஆரவாரமில்லை. அலறலுக்குப் பேர்போன செஸ்டர் அதில் ஓரிடத்திலும் அலறவில்லை. அந்தக் குரலின் வலு தெரிந்தவர்களுக்கு, அவர் அதை அடக்கி வைத்திருப்பதே நெஞ்சை அடைக்கும். கனத்த கிட்டாரைச் சேர்த்திருந்தால் இந்தப் பாட்டு கெட்டிருக்கும்.

ஆல்பம் வெளிவந்து இரண்டே மாதத்தில், ஜூலை 20 அன்று, செஸ்டர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு இந்த விவாதத்தைப் பலர் பேசவே கூசினார்கள். அன்று விமரிசித்தவர்களையெல்லாம் குற்றவாளிகளாக நிறுத்தியவர்களும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஒருவருடைய மரணம் பலவீனமான பாட்டை நல்ல பாட்டாக்கிவிடாது. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்வது பாடகரை வைவதும் ஆகாது.

2024 நவம்பரில் புதிய பாடகி எமிலி ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரலோடு அந்தக் குழுவின் ‘ஃப்ரம் ஜீரோ’ ஆல்பம் வந்தது. கனத்த கிட்டாரும் திரும்பி வந்தது. இப்போது பழையதையே திரும்பப் பாடுகிறார்கள் என்று குறைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், அந்த இடத்தைச் சேர்ந்து கேட்டுவிட்டுப் பேசுவோம்.