பிள்ளைய எந்த ஊர்க் கணக்குல எழுதணும்?

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில கிராம சுகாதார நர்ஸ்மார் கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். டீ வந்துட்டு, குடிச்சிட்டே கேளுங்க. உணவுக்குழாய், குடல், மலவாய் இதுல பிறவிக்குறையோட பிறக்குற பிள்ளைகள எண்ணுறது பத்தித்தான் பேச வந்தேன், எண்ணுறதுல என்ன பெரிய வித்தைன்னு தோணும், ஆனா நம்ம மாவட்டத்துல இது லேசுப்பட்ட காரியம் இல்ல கேட்டியளா.

எல்லையில இருக்குற களியக்காவிளைக்காரிக்கு பேறு கேரளாவுல பாறசாலையில நடக்கும், பிள்ளைக்கு மலவாய் அடைச்சிருக்குன்னு தெரிஞ்சதும் ஆம்புலன்ஸ்ல திருவனந்தபுரம் கொண்டு போயிருவாவ, ஆபரேஷனும் அங்க, ரெஜிஸ்டர்ல ஏறுறதும் அங்க. நம்ம கணக்குல ஒண்ணுமே நடக்கல. பெரிய ஆஸ்பத்திரி எண்ணிக்கைய வச்சு ஒரு ஊர்ல எத்தன பிள்ளைக்கு ஒண்ணுன்னு சொன்னா தப்பா வரது இதனாலதான், நாலு ஊர் கேஸும் ஒரே இடத்துல குவியுது. தாய் எங்க குடியிருக்காளோ அந்த ஊர்ல எழுதணும், வகுக்குறதும் அந்த ஊர்க்காரிகளோட மொத்தப் பிரசவத்தால. ஐரோப்பால யூரோகேட்னு பிறவிக்குறைப் பதிவேடுகளோட கூட்டமைப்பு வச்சு 1979ல இருந்து எண்ணுறாவ, உயிரோட பிறந்தது மட்டுமில்ல, வயித்துலயே இறந்தது, ஸ்கேன்ல தெரிஞ்சு கலைச்சது எல்லாம் சேத்துத்தான்.

மலவாய்க் குறை சுமாரா 5000 பிள்ளைக்கு ஒண்ணு. வருஷம் 20,000 பிரசவம்னு சும்மா வச்சுக்கிடுங்க, 4 கேஸ் வரும். ஒரு வருஷம் 2, அடுத்த வருஷம் 7 வந்தா அது வெறும் தற்செயலாவும் இருக்கலாம், நம்ம ஆளுவ உடனே கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல கைய காட்டுவாவ. சந்தேகப்படுறது நியாயந்தான், ஆனா கேரளக் கடலோரத்துல அதே மாதிரி மணல் உள்ள இடத்துல 1995ல இருந்து 1 லட்சத்துக்கு மேல பிள்ளைகள பிறந்ததுமே பாத்து எழுதினாவ, கதிர்வீச்சு கூடின இடத்துல பிறவிக்குறை கூடுதல்னு தெரியல. நமக்கும் அஞ்சு பத்து வருஷக் கணக்கு சேத்துப் பாத்தாத்தான் பேசவே முடியும்.

சரி, லேபர் ரூமுக்கு வருவோம். பெண் பிள்ளைகள்ல மலவாய் இல்லாம, பிறப்புறுப்பு வாசல்ல ஒரு சின்ன துவாரம் வழியா மலம் வரும். துணி நனைஞ்சிருக்கும், அதப் பாத்து 'மலம் போயாச்சு'ன்னு டிக் போட்டு அனுப்பிருவாவ, நெசமா நடக்கிறது இது. துணிய பாக்காதீங்க, கால தூக்கி இடத்த பாருங்க. வாயில நுரை நுரையா எச்சில் வந்துட்டே இருந்தா பால் குடுக்காதீங்க, டியூப் விட்டுப் பாக்கச் சொல்லுங்க, பத்து சென்டிமீட்டர்ல முட்டி நின்னா உணவுக்குழாய் அடைப்பாக்கும், எக்ஸ்ரேல டியூப் சுருண்டு கிடக்குறது தெரியும். ஹிர்ஷ்பிரங்னு, குடலோட கடைசிப் பகுதியில நரம்பு செல் இல்லாம மலம் நகராத நோய், அது வேற மாதிரி, சில பிள்ளைக்கு மாசக்கணக்கு கழிஞ்சு வயிறு உப்பிட்டு வந்து நிக்கும்போதுதான் தெரியும், டிஸ்சார்ஜோட ரெஜிஸ்டர மூடினா அது எந்தக் கணக்குலயும் வராது. ஒரு வயசு வரைக்கும் திறந்தே வைங்க.

பிள்ளைகள பரிசோதிக்க 2013ல வந்த ஆர்பிஎஸ்கேங்கிற மத்திய அரசுத் திட்டத்துல பிறவிக்குறைப் பட்டியல்ல 9 இருக்கு, பிளந்த உதடு, வளைஞ்ச பாதம், இருதயம்னு. குடல் இல்ல. எனக்கு இது பெரிய குறையாத்தான் படுது. பட்டியல்ல இல்லன்னு விடாம பேர் சொல்லி எழுதுங்க, 'அப்நார்மல் பேபி'ன்னு மட்டும் எழுதினா யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

பேறுக்கு அம்மா வீட்டுக்கு வந்தவளோட அட்ரஸ் எதுன்னு அந்த அக்கா கேட்டாவ. மாசமா இருந்தப்ப எங்க குடியிருந்தாளோ அது. நாகர்கோவில்ல கட்டிக்குடுத்து குலசேகரத்துல பெத்தா நாகர்கோவில்தான், போன் நம்பர் மட்டும் அம்மா வீட்டுதயும் வாங்கி வச்சுக்கிடுங்க.