போகாத ஊருக்கு வழி

(அயர்லாந்தில் நம் மன்றத்துப் பொங்கல் விழாவில் பேசியது. கேட்ட நண்பர்கள் சிலர் எழுதித் தரச் சொன்னதால் இங்கே.)

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்து, தமிழில் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் ஒன்றரை மணி நேரமாக முன்வரிசையில் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் கவுன்டி மன்ற உறுப்பினர் அவர்களே, கூடத்தை வாடகை வாங்காமல் தந்த பங்குத் தந்தை அவர்களே, இரவுப் பணி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, பின்கட்டில் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே, உங்கள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும். போன ஆண்டு பொருளாளரை விட்டுவிட்டேன், சந்தா ரசீது வர ஏழு மாதம் ஆனது. பொருளாளர் அவர்களே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நாம் வாழும் அயர்லாந்து’. அது பெரிய தலைப்பு. நான் ஒரு சின்ன ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ராஸ்காமன் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), கில்கிளாஸ் பாரிஷில், அதாவது பங்கில், பாலிகில்க்ளைன் என்று ஓர் ஊர். 600 ஏக்கர் அளவு. அதன் நில அமைப்பு, அதன் வரலாறு, அதன் பெயர் என்று மூன்று விஷயம் பேசுவேன். தலைவர் மணியடிக்காமல் இருந்தால்.

நான் வரலாற்று ஆசிரியன் அல்ல, எலக்ட்ரீஷியன். பதினேழு வருடமாக இந்த நாட்டின் சந்துபொந்துகளில் வேன் ஓட்டுகிறவன். என் பாட்டி ஒரு பழமொழி சொல்வாள்: ‘போகாத ஊருக்கு வழி கேட்பானேன்?’ சும்மா நச்சரிக்கும் பிள்ளைகளை விரட்ட அவள் வைத்திருந்த ஆயுதம் அது. என் பிழைப்பே வழி கேட்பதாக ஆகிப்போனது.

இங்கே கிராமப்புறத்தில் தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. இருப்பது டவுன்லாண்ட். டவுன் என்றதும் கடைத்தெருவைத் தேடாதீர்கள். ஓடை, வேலி, சேற்று நிலம் என்று ஏதாவது ஒன்றை எல்லையாக வைத்துப் பிரித்த நிலப்பரப்பு, அவ்வளவுதான். சராசரி முந்நூறு ஏக்கர் சொச்சம். ஒரு ஏக்கர்கூட இல்லாததும் உண்டு, 7,000 ஏக்கரைத் தாண்டியதும் உண்டு. தீவு முழுக்க 60,000-க்கு மேல். பல பெயர்கள் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை. டவுன்லாண்ட் பல சேர்ந்தது பங்கு, பங்கு பல சேர்ந்தது பாரனி, அதற்கு மேலே கவுன்டி. 1901, 1911 மக்கள் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்த்தால் கிராமத்துக் குடும்பம் ஒவ்வொன்றும் அதன் டவுன்லாண்டின் கீழேதான் இருக்கிறது.

சரி, அந்த ஊருக்கு நான் போன கதை. போன ஜனவரியில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பக்கம் ஒரு வேலை, சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்த ஊரின் கடைத்தெருவைப் பார்த்திருப்பீர்கள், தேரே ஓட்டலாம், அவ்வளவு அகலம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, படித்துப் படித்து மனதில் நின்ற பாலிகில்க்ளைனைப் பார்த்துவிடுவோம் என்று போனை நம்பிக் கிளம்பினேன். போன் என்னை ஒரு மாட்டுக்கொட்டகை வாசலில் நிறுத்தி, ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்றது. கொட்டகையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எண்பது வயது இருக்கும். ஒரு கையில் வாளி, தலையில் தொப்பி, வாயில் பதிலே இல்லை. வழி கேட்டேன். வாளியைக் கீழே வைத்தார். வானத்தைப் பார்த்தார். ‘யார் வீடு?’ என்றார்.

‘யார் வீடும் இல்லை ஐயா, 1847-ல் அங்கே இருந்தவர்களைப் பார்க்க வந்தேன்’ என்றேன்.

அவர் யோசித்தார். ‘கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்களே’ என்றார்.

எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. போகாத ஊருக்கு வழி! ஆனால் மனிதர் விடவில்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டு, ‘வாங்க’ என்று முன்னால் நடந்தார். முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஆள் அவர். நான் வேலைக்குப் போடும் ஷூ. இரண்டாவது வயலில் என் இடது ஷூவைச் சேறு வாங்கிக்கொண்டது. திரும்பிப் பார்த்துவிட்டு, ‘அதுக்கு இந்த ஊர் பிடிச்சுப்போச்சு’ என்றார். ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டு அதைப் பிடுங்கி எடுக்கும் வரை காத்திருந்தார். அப்புறம் ஒரு மேட்டைக் காட்டினார். காய்ந்த செந்தட்டிச் செடித் தண்டுகள் ஒரு சதுரத்துக்குள் மட்டும் குத்துக்குத்தாக நின்றன. மேலே பட்டால் சுரீர் என்று அரிக்குமே, அந்தச் செடி. மனிதரும் மாடும் குடியிருந்து உரமேறிய மண்ணில் அது விடாமல் வளரும். ‘வீடு’ என்றார். வேறு விளக்கம் இல்லை. சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்ததில் எதிர்ச் சரிவு முழுக்கப் பாத்தி பாத்தியாகக் கோடுகள் தெரிந்தன. உருளைக்கிழங்குப் பாத்திகள். உச்சிவெயிலில் போயிருந்தால் வெறும் புல்தரைதான் தெரிந்திருக்கும்.

திரும்பும்போது அவர் கேட்டார், ‘நீங்க எந்த ஊர்?’ சென்னை என்றேன், வழக்கமாக எல்லோருக்கும் சொல்கிற பதில். தலையை ஆட்டினார். ‘அது சிட்டி. எந்த டவுன்லாண்ட்?’ பல வருடமாக என் வாயில் வராத எங்கள் குக்கிராமத்தின் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ழகரத்தில் நாக்குச் சறுக்கியது. மூன்றாவது முறை சரியாகச் சொன்னார். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது வரும் என்று இப்போது கேட்க மாட்டேன், விழா நாள்.

வரலாற்றுக்கு வருகிறேன். இந்த ஊர் ஆங்கில அரசருக்குச் சொந்தம். குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் ஸ்ட்ரோக்ஸ்டவுனின் மஹோன் குடும்பம். 1834-ல் குத்தகை முடிந்தது. இடையில் இருந்த ஜமீன் விலகியதும், குடிகள் நேரே அரசுக்குக் குத்தகைப் பணம் கட்ட மறுத்தார்கள். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பத்து வருடத்துக்கு மேல்! வக்கீல் வைத்தார்கள், மனுமேல் மனு போட்டார்கள். வெளியேற்றினால் பூட்டை உடைத்துத் திரும்ப உள்ளே போனார்கள். இதற்கிடையில் 1845-ல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது, நாடே பஞ்சத்தில் மாட்டியது. கடைசியில் 1847, 48-ல் அரசு ஊரையே காலி செய்து, கப்பல் கூலியும் கொடுத்து, சுமார் 370 பேரை லிவர்பூல் வழியாக நியூயார்க்குக்கு அனுப்பியது. வீடுகளை இடித்தார்கள். 1998 முதல் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டியபோது இங்கிலாந்துப் பீங்கான் தட்டுகளின் உடைசல்கள் கிடைத்தன. ஏழைக் குடிசை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவர்கள் சந்தையில் பார்த்துப் பார்த்துத் தட்டு வாங்கியிருக்கிறார்கள்.

பக்கத்து மஹோன் எஸ்டேட்டில் இன்னும் கொடுமை. 1847 மே மாதம் 1,490 பேர் கால்வாய்க் கரையோடு டப்ளின் வரை நடந்து, கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாதிக்குப் பாதி பேர் பிழைக்கவில்லை என்கிறார்கள். அந்த நவம்பரில் ஜமீன்தார் டெனிஸ் மஹோனைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் நடந்த 165 கிலோமீட்டர் பாதை இன்று நடைவழி. வழிநெடுகக் குழந்தைகளின் செருப்பை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒரு நாளாவது கூட்டிப்போங்கள். ராஸ்காமன் கவுன்டியில் 1841-ல் இரண்டரை லட்சம் பேர், பத்து வருடம் கழித்து ஒன்றே முக்கால் லட்சம்கூட இல்லை.

இந்தப் பஞ்சத்தில் லண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணத்தைக் கறாராக அளந்து கொடுத்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். அவர் பெயரை இங்கே சொன்னால் இன்றும் முகம் சுளிப்பார்கள். அதே மனிதர்தான் 1859-ல் நம் மதராசுக்கு கவர்னராக வந்தார்! சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர். அங்கே போய், கல்கத்தா அரசு போட நினைத்த புது வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்து, 1860-ல் பதவி இழந்தார். இங்கே ஒரு முகம், அங்கே ஒரு முகம். இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும், செயலாளர் குறித்துக்கொள்ளவும்.

இப்போது பெயர். 1824-ல் ஆங்கிலேயர் இந்தத் தீவை அளக்கத் தொடங்கினார்கள். ஜான் ஓ'டோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு, ஐரிஷ் பெயர்களின் பொருளை எழுதிவைத்தார். வரைபடத்தில் ஏறியது என்னவோ ஆங்கில உச்சரிப்பு. ‘பாலி’ என்றால் பெரும்பாலும் ஊர். ‘கில்’ என்றால் கோயிலாகவும் இருக்கலாம், காடாகவும் இருக்கலாம். ஐரிஷில் அவை வேறு வேறு சொல், ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 1970-களில் வட அயர்லாந்தில் தபாலுக்காகச் சாலைப் பெயரும் எண்ணும் வந்து டவுன்லாண்டைத் தள்ளின. மக்கள் சண்டை போட்டார்கள், ஃபெர்மனாவில் பழைய பெயர்களை விடவேயில்லை. நம் பக்கம் 2015-ல் ஏர்கோடு வந்தது, நம் ஊர் பின்கோடு மாதிரி, ஆனால் வீட்டுக்கு வீடு தனி. எழுத்தும் எண்ணுமாக ஏழு. ஏர் ஓட்டிய கோடு என்று நினைத்து முதலில் சந்தோஷப்பட்டேன். நிலமே இல்லாத கோடு அது. மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்குத் தனி முகவரி இல்லாத நாட்டில் அது தேவைதான், ஆம்புலன்ஸ் வர வேண்டாமா? ஆனால் இந்த ஆண்டு நம் விழா அழைப்பிதழைப் பாருங்கள். கூடத்தின் ஏர்கோடு இருக்கிறது, நாம் நிற்கிற இந்த மண்ணின் பெயர் இல்லை. தலைவர் கோபிக்கக் கூடாது.

நான் கேட்பது இரண்டே. உங்கள் முகவரியில் ஏர்கோட்டுக்கு மேலே டவுன்லாண்ட் பெயரை எழுதுங்கள். எல்லைகளில் பெயர்க்கல் நட வேண்டும் என்று கவுன்டி மன்றத்துக்கு ஒரு மனு போடுவோம். முன்வரிசையில் இருப்பவருக்கு இதை மட்டும் யாராவது ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள்.

நில அமைப்பைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஏரி, சேற்று நிலம், ஷானன் ஆறு… மணியடித்துவிட்டார். சரி, அடுத்த பொங்கலுக்கு. வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெயருக்கு நேரே உங்கள் டவுன்லாண்டை எழுதுங்கள். தெரியாதவர்கள் ஏர்கோட்டை எழுதுங்கள், தேடிச் சொல்வது என் பொறுப்பு. பேனா ஒன்றுதான் இருக்கிறது, நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். போன முறை வைத்த இரண்டும் திரும்பி வரவில்லை. வணக்கம்.