பார்த்தேன், ஆனாலும் தெரியவில்லை

வணக்கம். முகம் பார்க்கும் கண்ணாடி பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், உடனே வலது கண்ணுக்கு மாறுங்கள். கண்மணி நகர்வது தெரிகிறதா? எத்தனை முறை முயன்றாலும் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கோ நன்றாகவே தெரியும்.

கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது மூளை காட்சியை அமுக்கிவிடுகிறது. வாசிக்கும்போது கண் எப்படி அசைகிறது என்று ஆராய்ந்த எர்ட்மனும் டாட்ஜும் 1898-லேயே இதைக் கவனித்தார்கள். எனக்குப் புரிந்ததோ ஒரு சாலைச் சந்திப்பில்.

காரை நிறுத்தினேன். வலப்புறம் பார்த்தேன், இடப்புறம் பார்த்தேன். சாலை காலி. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஹாரன் அலறியது. இரண்டு முழத் தூரத்தில் ஒரு பைக்! அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை. நான் பார்த்தேனே!

இப்போது கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் பார்வையில் மிகக் கூர்மையாகத் தெரியும் பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான், சுமார் 2 டிகிரி. தலையை வேகமாகத் திருப்பினால் கண் இரண்டு மூன்று இடங்களில்தான் நிற்கும். நடுவில் விடுபட்டதை மூளை தானே நிரப்பி, முழுச் சாலையையும் பார்த்துவிட்டதாக நம்மை நம்ப வைக்கிறது. ஒல்லியாகத் தெரியும் பைக் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரே நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நெருங்கிவிடும்.

முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூணும் லேசுப்பட்டதல்ல. நாமும் எதிராளியும் ஒரே புள்ளியில் ஒரே நேரத்தில் சேரும்படி சீரான வேகத்தில் நேராகப் போனால், அவர் நமக்குத் தெரியும் திசை மாறவே மாறாது. தூணுக்குப் பின்னால் மறைந்தவர் மோதும் கணம்வரை மறைந்தே இருக்கலாம். சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசாதது எனக்கு வருத்தம்.

இப்போதெல்லாம் சந்திப்பில் தலையை மெல்லத் திருப்புகிறேன். தூரம், நடு, பக்கம் என்று மூன்று இடங்களில் கண்ணை நிறுத்திப் பார்க்கிறேன். பிறகு உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத் தூணுக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை. நேற்று மாலை அந்த மறுபடியும் பார்த்ததில்தான் ஒரு சைக்கிள் தெரிந்தது. பின்னால் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கடந்து போகும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.